மங்கிய லேபிளில் மிச்சமிருக்கும் எழுத்து

பழைய சட்டையோ சேலையோ கோட்டோ கைக்கு வந்ததும் அதை உடனே துவைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். சிங்கப்பூர் ஈரக்காற்றில் பல ஆண்டு அலமாரியில் கிடந்த துணியின் பூஞ்சை வாடை அப்படி. ஆனால் லேபிளைப் படித்து முடிக்கும்வரை துணியைத் தண்ணீரில் போடாதீர்கள். அச்சு மையைத் துணியோடு பிடித்து வைத்திருக்கும் பிசின் வயதாக ஆக வறண்டு விரிசல் விடும். தண்ணீரில் இழை உப்பும்போது அந்தப் பிசின் செதிலாக உதிர்ந்துவிடும். முப்பது நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்த எழுத்து கடைசி ஒரு துவைப்பில் போய்விடுவது இதனால்தான். பூஞ்சை தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நிழலில் காற்றாடவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். லேபிளின் மேல் மட்டும் தூரிகை படவேண்டாம்.

இங்கே நமக்குக் கிடைக்கும் பழைய துணிகளுக்கென்று ஒரு கலவை உண்டு. தாத்தா ஹை ஸ்திரீட்டில் அளவு கொடுத்துத் தைத்த கோட்டு, பாட்டியின் ஜப்பான் ஜார்ஜெட், நைலக்ஸ் சேலை, இந்தோனேசிய பாத்திக், யாவோஹான் போன்ற ஜப்பானியக் கடைகளில் வாங்கிய சட்டை, வீடு வீடாகப் பழைய பொருள் வாங்கும் காராங்கூனிக்காரரிடமிருந்து யார் யார் கையோ மாறி வந்த அமெரிக்க ஜாக்கெட். ஒவ்வொன்றிலும் எழுத்து வேறு வேறு இடத்தில் வேறு வேறு முறையில் பதிந்திருக்கும். மங்கும் விதமும் வேறு. ஆகவே லேபிள் எப்படிச் செய்யப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான் எந்த வழியில் படிப்பது என்று முடிவெடுக்க முடியும்.

நெய்த லேபிளில் எழுத்து என்பது நூல். அதன் நிறம் போனாலும் நெசவு போகாது. பின்னணியில் நெடுக்கு நூலான பாவு மேலே ஓடினால் எழுத்தில் குறுக்கு நூலான ஊடை மேலே ஓடும். இரண்டும் வெவ்வேறு திசையில் ஒளியைத் திருப்பும். நிறம் முழுக்கப் போய் ஒரே பழுப்பாகத் தெரியும் லேபிளையும் ஒரு விளக்கின் கீழ் மெதுவாக 90 டிகிரி சுழற்றினால், ஏதோ ஒரு கோணத்தில் எழுத்து மட்டும் பளபளத்து எழும். பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே நூல் நீளமாகத் தொங்கும், எழுத்து இடவலம் மாறித் தெரியும். தேய்வும் வெயிலும் படாததால் பல நேரம் அசல் நிறம் அங்கேதான் இருக்கும்.

சாட்டின் நாடாவிலோ நைலான் நாடாவிலோ அச்சிட்டது வேறு கதை. மை மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கும். காலருக்குள் கழுத்தின் வியர்வை பட்டு முதலில் போவது இதுவே. பருத்தி நாடாவில் அச்சிட்டதில் மை இழைக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதனால் மீட்பது எளிது. சேலையின் கரையோரத்தில் தங்க நிறத்தில் பொறித்த பெயரைப் பொறுத்தவரை தகடு உதிர்ந்தாலும் அதை ஒட்டிய பசை மிஞ்சும். அது நேர்வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

வெளிச்சம்தான் முதல் கருவி

செலவில்லாத வழியில் தொடங்குங்கள். அறையை இருட்டாக்கி, துணியை மேசையில் மடிப்பின்றிப் படுக்க வைத்து, கைப்பேசி டார்ச்சை மேசைக்கு ஒட்டினாற்போல 10 முதல் 15 டிகிரி சாய்வில் அடியுங்கள். எழுத்து மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால் அதன் நிழல் விழும். ஒரே பக்கத்திலிருந்து அடித்தால் வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் கோடுகள் தப்பிவிடும். இடது, வலது, மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் அடித்து நான்கு படம் எடுங்கள். வெப்பத்தால் ஒட்டிய அச்சுக்கும் தங்கப் பொறிப்புக்கும் இந்த ஒரு வழியே பெரும்பாலும் போதும்.

அடுத்தது ஊடுருவும் வெளிச்சம். லேபிளுக்கும் சட்டைத் துணிக்கும் இடையே கைப்பேசியின் முனையை நுழைத்து, திரையை வெள்ளையாக்கி முழுப் பிரகாசத்தில் வையுங்கள். மை மிச்சமிருக்கும் இடம் இருளாகத் தெரியும். லேபிள் இரண்டு மடிப்பாக இருந்தால் இரு பக்க எழுத்தும் கலந்து குழப்பும். அப்போது இதற்கு நேரெதிராக, மடிப்புக்குள் கறுப்புத் தாளைச் செருகி மேலிருந்து வெளிச்சம் கொடுங்கள்.

புற ஊதா டார்ச் வாங்குவதென்றால் 365 நானோமீட்டர் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சில் ஊதா நிற ஒளி நிறையக் கசியும். லேபிள் முழுக்க ஊதாவாகி, பார்க்க வேண்டியது மறைந்துவிடும். சோப்புத் தூளிலும் வெள்ளை நாடாவிலும் சேர்க்கும் வெண்மையூட்டிகள் 365 இல் நீலவெள்ளையாக ஒளிரும். மை மிஞ்சிய இடம் அந்த ஒளிர்வை மறைப்பதால் எழுத்து கறுப்பாக எழும்பும். இதில் ஒரு தவறான முடிவு அடிக்கடி நடக்கிறது: துணி ஒளிர்ந்தால் புதியது, ஒளிராவிட்டால் பழையது என்பார்கள். 1930களின் பருத்திச் சட்டையையும் இன்றைய சோப்பில் ஒருமுறை துவைத்தால் ஒளிரும். ஒளிர்வு எழுத்தைப் படிக்க உதவும், வயதைச் சொல்ல உதவாது. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள். மங்கிய சாயத்தை மேலும் மங்கச் செய்யும் ஒளி இது என்பதால் படம் எடுக்கும் சில விநாடிகளுக்கு மேல் எரியவிடவும் வேண்டாம்.

கறை படிந்து எழுத்து மூழ்கியிருந்தால் அகச்சிவப்பு கைகொடுக்கும். கரி கலந்த கறுப்பு மை அகச்சிவப்பிலும் கறுப்பாகவே இருக்கும். பெரும்பாலான துணிச்சாயங்களும் தேநீர், வியர்வைக் கறைகளும் அதில் மறைந்துபோகும். வீட்டுக் கண்காணிப்புக் கேமராவை இரவு நிலையில் வைத்தால் அதுவே அகச்சிவப்புக் கேமரா. கிட்டத்தில் குவியாது என்பதால் லென்சுக்கு முன் ஒரு பூதக்கண்ணாடி வைக்க வேண்டியிருக்கும். படம் சுமாராகத்தான் வரும். இருந்தாலும் வேறு எதிலும் தெரியாத கறுப்பு முத்திரை இதில் தெளிவாக நிற்பதுண்டு.

படத்தை எடுத்தபின் நிறத்தைப் பிரியுங்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். மஞ்சளித்த நாடாவில் நீல அல்லது கறுப்பு மை என்றால் சிவப்பு அடுக்கைப் பாருங்கள். மஞ்சள் அதில் வெள்ளையாகிவிடும், நீல மை கறுக்கும். சிவப்பு மை என்றால் சிவப்பு அடுக்கில் எழுத்தே காணாமல் போகும். அதற்குப் பச்சை அடுக்குதான் சரி. நீல அடுக்கில் சிவப்பு மையோடு மஞ்சள் கறையும் சேர்ந்து கறுத்துக் குழப்பும். அதன்பின் மாறுபாட்டைக் கூட்டுங்கள். இன்னும் போராட வேண்டுமானால், பாறை ஓவியங்களை மீட்பதற்காக ஜான் ஹார்மன் உருவாக்கிய டி-ஸ்ட்ரெட்ச் என்ற கருவி இமேஜ்-ஜே மென்பொருளோடு வேலை செய்யும். கண்ணுக்கு ஒரே பழுப்பாகத் தெரியும் இரு நிழல்களை அது பச்சையும் சிவப்புமாகப் பிரித்துக் காட்டும். கைப்பேசி தானாகவே படத்தை அழகுபடுத்தும் அமைப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். மங்கிய எழுத்தை அது இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும், சில நேரம் இல்லாத எழுத்தை வரைந்தும் வைக்கும்.

தண்ணீர் கடைசி வழி. நாரிழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றிடத்தைத் தண்ணீர் நிரப்பினால் ஒளிச்சிதறல் குறைந்து நாடா கண்ணாடித்தன்மை அடையும், மை தூக்கலாகத் தெரியும். காய்ந்தால் பழையபடி ஆகிவிடும். காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக்குச்சியை நனைத்து, முக்கியமில்லாத ஓரத்தில் 10 விநாடி தொட்டு, வெள்ளை டிஷ்யூவில் ஒற்றுங்கள். டிஷ்யூவில் நிறம் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். வராவிட்டால் லேபிளை ஈரமாக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், அது மையையே கரைக்கும். நகச்சாயம் அகற்றும் திரவம் அறவே கூடாது. அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். பழைய பளபள நாடாக்கள் பல அசிடேட் இழை, அசிட்டோனில் அவை பசையாகக் கரைந்துபோகும். சுருக்கம் நீக்க இஸ்திரி போடுவதும் இதே ஆபத்துதான்.

லேபிளைச் சுற்றிலும் தேடுங்கள்

லேபிளின் நடுப்பகுதி போயிருந்தாலும் அதன் மடிந்த முனைகள் தையலுக்குள் பத்திரமாக இருக்கும். அங்கே ஒரு எழுத்தின் பாதி, மையின் அசல் நிறம், சில நேரம் லேபிள் அச்சடித்தவரின் குறி எண் கூடக் கிடைக்கும். உங்கள் சொந்தத் துணி என்றால் தையல் ரிப்பரால் மூன்று நான்கு தையல் மட்டும் பிரித்துப் பாருங்கள். பிரிக்கும் முன் தையல் துளைகளைப் படம் எடுத்து வையுங்கள். திரும்பத் தைக்கும்போது அதே துளைகளில் ஊசி போகவேண்டும். லேபிள் பின்னர் மாற்றி ஒட்டப்பட்டதா என்று பார்ப்பவர்கள் முதலில் நோக்குவது அந்தத் துளைகளைத்தான்.

லேபிளுக்கு எதிரே மடிந்து படும் துணியில் மை இடவலம் மாறிப் படிந்திருக்கும். அதைப் படம் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். லேபிளே இல்லாத இடத்தில்கூட மங்காத ஒரு செவ்வகமும் ஊசித்துளைகளும் இருக்கும். அளவு எடுத்து வையுங்கள். அதே கடையின் வேறு சட்டை கிடைத்தால் பொருத்திப் பார்க்க உதவும்.

சேலையில் ஃபால்ஸை மறக்காதீர்கள். ஆலையின் முத்திரை கரையோரத்தில் விழுந்து, அதன்மேல் ஃபால்ஸ் தைத்திருப்பார்கள். அப்படி மூடிய முத்திரை புதிதுபோல இருக்கும். கோட்டில் கழுத்து லேபிளை விட மார்புப் பக்க உள்பைக்குள் இருக்கும் சிறிய லேபிள்தான் முக்கியம். தையல்காரர்கள் வாடிக்கையாளர் பெயர், தேதி, ஆர்டர் எண் ஆகியவற்றைப் பேனாவால் எழுதுவது அங்கேதான். பையைக் கிழிக்கத் தேவையில்லை. உள்பக்கமாகப் புரட்டி டார்ச் அடித்தால் போதும். கால்சட்டையில் இடுப்புப் பட்டையின் உட்புறத்தைப் பாருங்கள்.

சலவைக்காரர் அடையாளத்துக்குப் போட்ட குறியை லேபிள் எண்ணாக நினைத்து ஏமாறுவோரும் உண்டு. காலர் முனையிலோ சட்டையின் அடிவிளிம்பிலோ கறுப்பில் இரண்டு எழுத்தும் சில கோடுகளும் இருந்தால் அது டோபி போட்ட குறி. சேராங்கொட்டைச் சாற்றோடு சுண்ணாம்பு சேர்த்துப் போட்ட அந்தக் கறுப்பு எத்தனை துவைப்பிலும் போகாது. லேபிள் எல்லாம் மங்கிய சட்டையில் அது மட்டும் பளிச்சென்று இருப்பது இதனால்தான். தோபி காட் என்ற இடப்பெயர் இன்றும் நிற்கும் ஊரில் இந்தக் குறியை அலட்சியம் செய்யக்கூடாது என்பது என் எண்ணம். துணி எங்கே தயாரானது என்பதை அது சொல்லாது. யார் வீட்டில் புழங்கியது என்பதற்கு அது ஒரு தடயம்.

பாதி எழுத்திலிருந்து முழுச் சொல்

தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஊகித்ததை ஊகம் என்றே குறியுங்கள். மூளை தனக்குப் பழகிய பெயரைப் படித்துவிடும், அப்புறம் அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

சதவீதக் குறி நல்ல பிடிமானம். அதன் உருவம் தனித்தது, மங்கினாலும் அடையாளம் தெரியும். அதன் முன்னுள்ள எண்களைக் கூட்டினால் 100 வரவேண்டும். ஒன்று 65 என்று தெரிந்தால் மற்றது 35. அந்த விகிதம் பெரும்பாலும் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த, நம் வீடுகளில் டெரிகாட்டன் என்று சொன்ன துணி. இழையின் பெயரை எழுத்து எண்ணிக்கையால் பிடிக்கலாம். ஆங்கிலத்தில் காட்டன் 6 எழுத்து, பாலியஸ்டர் 9, அசிடேட்டும் விஸ்கோசும் அக்ரிலிக்கும் 7, உல்லும் சில்க்கும் 4. ரேயானும் நைலானும் 5 எழுத்து, கடைசி இரண்டு எழுத்தும் ஒன்றே. ஒய் என்ற எழுத்தின் கவட்டை நைலானில் இரண்டாம் இடத்தில் வரும், ரேயானில் மூன்றாம் இடத்தில். நாட்டின் பெயரும் அப்படித்தான். சிங்கப்பூர் 9 எழுத்து. ஜப்பான், இந்தியா, சீனா, கொரியா நான்கும் 5. மெலிந்த ஐ எழுத்து முதலிலும் நான்காவதிலும் இருந்தால் இந்தியா, மூன்றாவதில் இருந்தால் சீனா.

துணி எந்த இழை என்பது லேபிளில் தெரியாவிட்டால் தையல் மார்ஜினிலிருந்து 2 சென்டிமீட்டர் நூல் எடுத்து எரித்துப் பாருங்கள். எஃகுத் தொட்டியின் மேல், சாமணத்தில் பிடித்து, பக்கத்தில் தண்ணீரோடு செய்யுங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை தரும், தீயை எடுத்ததும் அணையும், மிஞ்சும் கரி விரலில் நொறுங்கும். பாலியஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டி மணியாகும். அசிடேட்டும் உருகும், ஆனால் புளித்த காடி வாடை அதைக் காட்டிக்கொடுக்கும். தையல் நூலை எரித்துவிட்டுத் துணியைப் பற்றி முடிவு செய்வது பலரும் செய்யும் பிழை. பருத்திச் சட்டையைப் பாலியஸ்டர் நூலில் தைத்திருப்பார்கள். துணியின் பாவு, ஊடை இரண்டிலிருந்தும் தனித்தனியாக உருவி எடுங்கள்.

துணியை எப்படித் துவைப்பது என்று லேபிளில் உருவங்களாகக் காட்டும் சலவைக் குறிகளில், துவைப்பதற்கான தொட்டி முதலில், வெளுப்பதற்கான முக்கோணம் இரண்டாவது என்ற வரிசை பொதுவாக மாறாது. அதன்பின் பழைய லேபிள்களில் இஸ்திரிப் பெட்டியும் உலர்சலவைக்கான வட்டமும் வரும், உலர்த்தும் சதுரம் கடைசியில். புதியவற்றில் சதுரம் மூன்றாவதாக வரும். முக்கோணத்துக்குள் சிஎல் என்று இருந்தால் அது பழைய முறை. இஸ்திரியில் ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. ஜப்பானியத் துணியில் இந்த உருவங்களே வேறு. தொட்டிக்குப் பதிலாகச் சலவை இயந்திரப் பெட்டி, முக்கோணத்துக்குப் பதிலாகச் சோதனைச்சாலைக் குடுவை, முறுக்கிய துணி, உலர்த்தக் காட்டும் சட்டை. ஜப்பான் 2016 டிசம்பரில்தான் இவற்றைக் கைவிட்டு உலக முறைக்கு மாறியது. யாவோஹான் 1974 இல் பிளாசா சிங்கப்பூராவில் திறந்து 1997 இல் மூடியது. ஐசெட்டான் 1972 இல் இங்கே வந்தது. அந்தக் கடைகளில் வாங்கிய துணியில் குடுவையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

குறியே தெரியாத துணியை, இழை தெரிந்தபின்பும், மிக மெல்லிய துணியாகவே நடத்துங்கள். உட்புறத்தில் ஒரு ஈரமான வெள்ளைத் துணியை 5 நிமிடம் அழுத்தி வைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்து, குளிர்ந்த நீரில் மென்சோப்பு போட்டு, பிழியாமல் துண்டில் உருட்டி எடுங்கள். ரேயான் ஈரத்தில் வலுவிழக்கும். தூக்கினால் தன் எடையிலேயே கிழியும் என்பதால் அடியில் வலை வைத்து எடுங்கள்.

ஆண்டைக் கணிப்பது

ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். லேபிளில் புதிதாக வந்த ஒன்று இருந்தால், துணி அந்த ஆண்டுக்கு முன் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய ஒன்று இருந்தால், அந்த ஆண்டுக்குப் பின் இல்லை என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. தையல்காரர்கள் லேபிளைக் கட்டுக்கட்டாக நெய்து வாங்கி வைப்பார்கள். முகவரி மாறினாலும் கையிருப்பு தீரும்வரை பழையதே தைக்கப்படும். விற்பனைக்கு வரும் துணிகளில் போடும் தவறான ஆண்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தில் சறுக்கியவை.

சிங்கப்பூர் லேபிளுக்கு அஞ்சல் குறியீட்டைவிட நல்ல சாட்சி இல்லை. 1950 இல் ஊர் அஞ்சல் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது, ஆகவே சிங்கப்பூர் என்ற பெயருக்குப் பின் 8 என்றோ 6 என்றோ ஒற்றை இரட்டை இலக்க எண் வரும். 1979 இல் நான்கு இலக்கம் வந்தது. அதன் முதல் இரண்டு இலக்கம் பழைய வட்டார எண்தான். 1995 செப்டம்பர் 1 முதல் ஆறு இலக்கம். சிராங்கூன் சாலைக் கடை என்றால் முதலில் 8, பிறகு 08 இல் தொடங்கும் நான்கு இலக்கம், அதன்பின் 20 அல்லது 21 இல் தொடங்கும் ஆறு இலக்கம் என்று போகும். எண்ணே மங்கிப்போனாலும் எத்தனை இலக்கத்துக்கு இடம் இருந்தது என்பதை அளந்தாலே காலம் சுருங்கிவிடும்.

தொலைபேசி எண் இதற்குத் துணை. ஐந்து, ஆறு இலக்க எண்கள் 1980களில் ஏழாயின. 2002 மார்ச் 1 அன்று வீட்டு, கடைத் தொலைபேசிகளின் முன்னே 6 சேர்ந்து எட்டு ஆனது. தந்தி முகவரி ஒன்று தனி வரியில் இருந்தால் இன்னும் பின்னோக்கிப் போகலாம். முகவரியும் பேசும். ராபின்சன்ஸ் என்ற பெரிய கடையின் லேபிளில் ராஃபிள்ஸ் பிளேஸ் என்றிருந்தால், அந்தக் கட்டடம் 1972 நவம்பர் 21 அன்று எரிந்துபோனதை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பவாங், சாங்கி முகவரி கொண்ட ஆங்கிலேயக் கோட்டுகள் பலவும் 1971 இல் பிரிட்டிஷ் படை வெளியேறும்வரை முகாம்களை நம்பியிருந்த தையல்காரர்களின் வேலை. சட்டையில் முதலை இருந்தால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். வலது பக்கம் பார்ப்பது பிரான்சின் லக்கோஸ்ட், இடது பக்கம் பார்ப்பது 1947 இல் சிங்கப்பூரில் தொடங்கிய குரோக்கடைல். மங்கிய சட்டையிலும் வாலும் வாயும் எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரியும்.

பாத்திக், சாரோங், கைலிகளில் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். இந்தோனேசியாவில் 1947 இல் ஓ, இ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளால் எழுதிய உகரம் யூ என்ற ஒற்றை எழுத்தானது. 1972 இல் டி, ஜே (tj) சேர்த்து எழுதியது வெறும் சி (c) ஆனது. அதே 1972 இல் மலாயிலும் சி, எச் சேர்ந்தது வெறும் சி ஆனது. முத்திரையைக் குறிக்கும் சாப் என்ற சொல் பழைய மலாய் லேபிளில் நான்கு எழுத்து, பிந்தியதில் மூன்று. ஆட்பெயர்களை இதற்கு நம்பாதீர்கள், குடும்பங்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டன. ஊர்ப்பெயரையும் சாதாரணச் சொற்களையும் பாருங்கள். சீன எழுத்துள்ள உள்ளூர் லேபிளில் எளிமையாக்கப்பட்ட எழுத்துகள் இருந்தால், சிங்கப்பூர் 1969, 1974, 1976 ஆண்டுகளில் அவற்றுக்குப் பட்டியல் வெளியிட்டதை வைத்துக் கணிக்கலாம். பழைய எழுத்து இருந்தால் மட்டும் முடிவுக்கு வரவேண்டாம். ஹாங்காங்கும் தைவானும் இன்றும் அதையே எழுதுகின்றன.

இந்தியத் துணியில் விலை முத்திரை இருந்தால் அதிர்ஷ்டம். அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்திய விலை, நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15க்குப் பின்னரே உண்டு. மெட்ராஸ் என்ற பெயர் 1996இல் சென்னையானாலும் நிறுவனப் பெயர்களில் நீடித்தது. பாலியஸ்டர் இழையின் வணிகப் பெயரும் உதவும். டெரிலின் பிரிட்டனுடையது, டேக்ரான் அமெரிக்காவுடையது, டெட்டோரான் 1958 முதல் ஜப்பானுடையது, டெரீன் 1960களின் இந்தியாவுடையது. கம்பளி உருண்டை போன்ற உல்மார்க் சின்னம் 1964 இல் வந்தது, அது இருக்கும் கோட்டு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

அமெரிக்கத் துணியில் ஆர்.என். என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். அது நிறுவனத்தின் பதிவு எண், துணியின் எண் அல்ல. அந்நாட்டு வணிக ஆணையத்தின் இணையத் தேடலில் போட்டால் நிறுவனம் தெரியும். 13670 முதல் உள்ள எண்கள் 1959 தொட்டு வழங்கப்பட்டவை. டபிள்யூ.பி.எல். என்றிருந்தால் அதற்கு முந்திய கம்பளிப் பதிவு. 3 ஆ 8 ஆ, 1 ஆ 7 ஆ என்று ஐயம் வந்தால் இரண்டையும் தேடுங்கள். ஒன்று குழந்தை உடை நிறுவனமாகவும் மற்றது ஜாக்கெட் நிறுவனமாகவும் வந்தால் விடை கிடைத்துவிட்டது. இழைச் சதவீதம் அங்கே 1960 முதல் கட்டாயம், சலவைக் குறிப்பு 1972 முதல், சொற்களுக்குப் பதிலாகக் குறிகள் மட்டும் போட அனுமதி 1997 இல். பிரிட்டிஷ் துணியில் வாய் திறந்த இரண்டு வட்டங்களும் 41 என்ற எண்ணும் இருந்தால் அது 1941 முதல் 1952 வரை இருந்த போர்க்கால எளிய உடைத் திட்டத்தின் முத்திரை.

லேபிள் சொன்னதை ஜிப்பும் பொத்தானும் மறுக்கிறதா என்றும் பாருங்கள். லேபிள் 1950கள் என்று சொல்லி ஜிப் பிற்காலத்தில் பரவிய நைலான் சுருளாக இருந்தால், ஜிப் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லது லேபிள் வேறு துணியிலிருந்து வந்திருக்கலாம். ஜிப்பைச் சுற்றிய பழைய தையல் துளைகள் எது என்று சொல்லும்.

கடையின் பெயர் பாதியாவது தெரிந்தால் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பில் தேடுங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் அங்கே இருக்கிறது. 1935 இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் உண்டு. தையல்கடைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விளம்பரம் கொடுத்திருக்கும். ஆள்தேவை விளம்பரங்களிலும் முகவரி இருக்கும். அச்சுப் பக்கத்தை இயந்திரம் படித்துச் சேர்த்த எழுத்தில்தான் தேடல் நடக்கிறது, அதில் பிழைகள் இருக்கும். பெயர் கிடைக்காவிட்டால் தெருப்பெயரும் கடை எண்ணும் சேர்த்துத் தேடுங்கள், பிறகு பழைய தொலைபேசி எண்ணை மட்டும் போட்டுப் பாருங்கள். எண்ணுக்கு எழுத்துக்கூட்டல் வேறுபாடு இல்லாததால் பெயர் தராத விளம்பரத்தை அது தந்துவிடும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் லீ கோங் சியான் ஆய்வுப் பிரிவில் பழைய தொலைபேசிப் புத்தகங்களும் வணிகக் கையேடுகளும் உள்ளன. ஒரு கடை எந்த ஆண்டுப் புத்தகத்தில் முதன்முதலாக வருகிறது, எந்த ஆண்டில் முகவரி மாறுகிறது என்று அடுத்தடுத்துப் புரட்டினால் லேபிளின் காலம் சில ஆண்டுகளுக்குள் சுருங்கும்.